ஒரே கிணற்று ரைவல்

போன வருஷம் கோடையில், வங்கித் தேர்வுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதே பஸ்ஸில், அதே வகுப்புக்கு எங்கள் பங்காளி வீட்டு மருமகளும் வருவாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூட்டுக் கிணறு. முறை வைத்து மோட்டார் போடுவோம். முறை முடிந்தும் மோட்டாரை நிறுத்தவில்லை என்று ஒரு சண்டை. யார் நிறுத்தவில்லை என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் இரண்டு பதில் வரும். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பஸ்ஸில் அவள் முன்னால் ஏறினால் நான் பின்னால் ஏறுவேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பார்த்து எங்கள் முறை. கணவர் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறார். தக்காளிக்குத் தண்ணீர் கட்ட என்னை விட்டால் ஆளில்லை. ஒரு முறை தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும். முறையை மாற்றிக்கொள்ளலாம்தான், அதற்குப் பேச வேண்டுமே. தேர்வை விட்டுவிடுவதென்று முடிவு செய்து, வகுப்பில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் சொல்லிப் புலம்பினேன்.

அது கடைசி வகுப்பு. ஆங்கில ஆசிரியர் அன்று ‘ரைவல்’ என்ற சொல்லை எடுத்தார். போட்டியாளர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் லத்தீனில் அது, ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவரைக் குறித்த சொல்லாம். தண்ணீர் என்றால் தகராறும் வரும், அப்படித்தான் இந்த அர்த்தம் வந்தது என்றார். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். எல்லோரும் கிரிக்கெட் அணிகளைச் சொன்னார்கள். பங்காளி வீட்டு மருமகள் எழுந்து, “மை ரைவல் அண்ட் ஐ ஹேவ் ஒன் வெல்” என்று, எங்கள் ஒரே கிணற்றைச் சொல்லி, என்னைக் கைகாட்டினாள். வகுப்பே சிரித்தது. என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ சொன்னது காதுல உழுந்துச்சு. சனிக்கெழம எங்க முறைய நீ எடுத்துக்க. ஞாயித்துக்கெழமைய நாங்க எடுத்துக்கறோம்.”

“உங்க வூட்ல ஒத்துக்குவாங்களாக்கா?”

“அத நான் பாத்துக்கறேன். நீ பரிச்சைக்கு வா.”

நான் வராவிட்டால் அவளுக்குப் போட்டியில் ஒரு ஆள் குறைவு. அது தெரிந்தும் கூப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் தேறினாள், நான் தேறவில்லை. பொறாமையே இல்லை என்றால் பொய். இப்போது அவள் புத்தகங்களை வைத்துத்தான் மறுபடி படிக்கிறேன். எந்தப் போட்டிக்குப் போனாலும், எதிரே இருப்பவருக்கும் என்னைப் போலவே தாகம் இருக்கும் என்பதை அந்த ஒரு சொல் என்னை மறக்கவிடுவதில்லை.