அஞ்சலையின் ஆடம்பரம்

“டீச்சர்… நீச்சல் டிரெஸ்ஸு எங்க கெடைக்கும்?”

இந்தக் கோடை ஆரம்பித்த வாரம் இப்படி ஒரு ஃபோன். பேரப்பிள்ளைக்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “எத்தனை வயசுப் பிள்ளைக்கு?” என்றேன்.

“அறுவது” என்றது மறுமுனை.

பேசியவர் அஞ்சலை. நெய்வேலியில் நான் வேலை பார்த்த பள்ளியில் அட்டெண்டராக இருந்தவர். பல வருஷம் கான்ட்ராக்ட், அதற்கப்புறம்தான் பெர்மனென்ட். எனக்கு மூன்று வருஷம் கழித்து, இந்தப் பொங்கல் சமயத்தில் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் சொந்த வீட்டுக்குக் குடிபோனார். கணவர் கோவிந்தராசு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தவர். அவர் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

ரிட்டயர் ஆனவர்கள் என்னென்னவோ வாங்குகிறார்கள். நானே பார்க்கிறேனே! முப்பது வருஷம் சேஃப்டி ஷூ மாட்டிய எங்கள் எதிர்வீட்டுக்காரர், பஞ்சு மாதிரி ஒரு செருப்பு வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். நைட் ஷிஃப்ட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த இன்னொருவர், ஜன்னலுக்கெல்லாம் கனமான கறுப்புத் திரை போட்டு மத்தியானம் குறட்டை விடுகிறார். நான்? காலை நீட்டிச் சாயும் சோஃபா ஒன்று வாங்கினேன். அதில் உட்கார்ந்துதான் வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நீச்சல்?

வடலூர் போகிற வழியில் புதிதாக ஒரு தனியார் நீச்சல் குளம் திறந்திருக்கிறார்களாம். காலையில் பெண்களுக்குத் தனி பேட்ச். பஸ்ஸில் போகும்போது அஞ்சலை போர்டைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, திரும்ப நடந்து போய், பணத்தைக் கட்டிவிட்டுத்தான் எனக்கு ஃபோன் செய்திருக்கிறார். நம்மைப் போல யோசித்து, யோசித்து, மறுபடி யோசித்து… அதெல்லாம் கிடையாது!

சென்னையில் வேலை பார்க்கும் மகன் சுரேஷுக்குத்தான் தாங்கவில்லை.

“ஏம்மா, ஏசி போடும்மான்னா வேணாங்கற. இந்த வயசுல நீச்சல் எதுக்கு? வுழுந்து கெடந்தா யாரு பாக்கறது?”

“தண்ணியில எங்கடா வுழறது? அதான் ஏற்கெனவே தண்ணியில இருக்கமே!”

ஐ.டி. கம்பெனியில் டீம் லீடராக இருக்கும் பையன், ஃபோனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான்.

நீச்சல் உடையை என் ஃபோனில்தான் ஆர்டர் செய்தோம். முழுக்கை, கணுக்கால் வரை கால், கருநீல நிறம். பார்சலைப் பிரித்ததும் கோவிந்தராசு தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா இது, ஒர்க் ஷாப்புல போடற டிரெஸ் மாரி கீது?”

“ஆமா, ட்யூட்டிக்குத்தான் போறேன். நவுருங்க” என்றார் அஞ்சலை.

துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். பயிற்சியாளர் கடலூர்ப் பெண், பெயர் பிரியா. எங்களைப் பார்த்ததும் புன்னகையோடு, “ஆன்ட்டி, பேத்தி பின்னாடி வராங்களா?” என்றாள். அஞ்சலை ரசீதையும் டாக்டர் சர்ட்டிஃபிகேட்டையும் எடுத்து நீட்டினார். பிரியா இரண்டையும் படித்தாள். அஞ்சலையைப் பார்த்தாள். “வாங்க ஆன்ட்டி” என்றாள். நல்ல பெண்!

ஆனால் தண்ணீர் அப்படி நல்லதாக நடந்துகொள்ளவில்லை. முதல் நாள் முழுக்க அஞ்சலை கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. இரண்டாம் நாளும் அதே கம்பி. மூன்றாம் நாள், எட்டு வயதுக் குட்டிகள் எல்லாம் தவளை மாதிரி பக்கத்தில் பாய்ந்துகொண்டிருக்க, இவர் முகத்தைத் தண்ணீரில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான்காம் நாள் கம்பியை விட்டார். கால் வழுக்கியது. மூக்கு, வாய், காது – எல்லா வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பிரியா தூக்கி உட்கார வைத்ததும் இருமினார் இருமினார்… கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

வெளியே வந்து ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“வேணாம்னா விட்டுடுங்க அஞ்சலை” என்றேன். “நாம வாக்கிங் போகலாம். யாரு கேக்கப்போறாங்க?”

அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்க ஊர்ல ஒரு பெரிய கெணறு இருந்துச்சு டீச்சர். எங்களுக்கு நெலம் ஏது, கெணறு ஏது? ஊர்க்காரவங்களுது. அவங்க வூட்டுப் புள்ளைங்க மேலேந்து குதிச்சிகினு இருக்கும். ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள எல்லாந்தான். நாங்க நடவு நட்டுட்டு, ஒடம்பெல்லாம் சேறா வரப்புல நின்னு பாப்போம். எறங்கக்கூடாது.”

“ம்…”

“ஒருநாளு எங்க அண்ணன் எறங்கிட்டான். பன்னெண்டு வயசு அவனுக்கு. வெயிலு தாங்கல, குதிச்சிட்டான். புடிச்சி அடிச்சாங்க. அதுகூட எனக்குப் பெருசாத் தெரியல டீச்சர். அந்தக் காலத்துல அடி வாங்கறது சகசம். ஆனா அப்புறம் மோட்டாரப் போட்டு கெணத்தையே எறச்சாங்க. ரெண்டு நாளு ஓடுச்சு அந்த மோட்டாரு. ராவும் பகலும் அந்தச் சத்தம் எங்க தெரு வரிக்கும் கேட்டுச்சு. எங்கம்மா காதப் பொத்திக்கினு ஒக்காந்திருந்தாங்க.”

கிளாஸைக் கீழே வைத்தார்.

“இங்க நாலு நாளா எறங்கறேன். யாரும் தண்ணிய மாத்தல. எனக்கு அப்புறமும் அதே தண்ணியிலதான் அந்தப் புள்ளைங்க வெளாடுதுங்க. பாத்துக்கினே இருந்தேன். இத வுட்டுட்டு நான் எங்க டீச்சர் வாக்கிங் போறது?”

குள்ளஞ்சாவடிப் பக்கம் எங்கள் அப்பாவுக்கும் கிணறு இருந்தது. பத்து வயதில் அதில் குதித்துத்தான் நான் நீச்சல் கற்றேன். அந்தக் கிணற்றில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். இந்த ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன்.

“எங்க வீட்டுலயும் கெணறு இருந்துச்சு அஞ்சலை. நான் அதுலதான் கத்துக்கிட்டேன்.”

“தெரியும் டீச்சர். ஸ்டாஃப் ரூம்ல நீங்களே பெருமையா சொல்லிக்கினு இருந்தீங்களே. நான் டீ கொண்டாந்து வச்சிக்கினு இருந்தேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் துளி கோபம் இல்லை. “அதனாலதான் உங்களுக்கு ஃபோன் போட்டேன். உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமே!”

அன்று சாயங்காலமே எனக்கும் ஒரு நீச்சல் உடை ஆர்டர் செய்தேன்.

மூன்று நாள் கழித்து இரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கினோம். அஞ்சலைக்கு மூச்சில்தான் சிக்கல். தலை உள்ளே போனதும் மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்துவிடுவார். “தண்ணிக்குள்ள மூச்சை வெளிய விடணும் ஆன்ட்டி” என்று பிரியா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். டீச்சர் ஆயிற்றே, பாடம் எடுக்காமல் இருக்க முடியுமா? ஒன்றும் ஏறவில்லை.

ஒருநாள் அவரே திடீரென்று கேட்டார்.

“பிரியாம்மா… அடுப்பு ஊதற மாரியா?”

பிரியாவுக்கு அடுப்பு ஊதத் தெரியாது. கேஸ் அடுப்புத் தலைமுறை. அவள் விழிக்க, அஞ்சலை தலையை உள்ளே விட்டு, கன்னத்தை உப்பி ஊதினார். குபுகுபுவென்று குமிழி மேலே வந்தது. நிதானமாகத் தலையைத் தூக்கினார்.

“இவ்ளோதானா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!”

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் மிதந்தார். நாலு வாரத்தில் பாதிக் குளம். எனக்குத்தான் மூச்சு இரைத்தது. கிணற்றில் குதித்த பத்து வயது உடம்பு என்னிடம் இப்போது இல்லை என்பதைத் தண்ணீர் ஈவிரக்கமில்லாமல் எடுத்துச் சொன்னது.

போன ஞாயிற்றுக்கிழமை. அன்று குடும்பத்தோடு வரலாம் என்பதால் கோவிந்தராசு வந்திருந்தார். சுரேஷும் மனைவியோடு சென்னையிலிருந்து வந்திருந்தான். ‘நேர்ல வந்து நிறுத்திட்டுப் போறேன்’ என்று கிளம்பியவன் அவன். அம்மாவை அந்தக் கருநீல உடையில் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்து நின்றான்.

குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. இந்த முனையில் இடுப்பளவு. நடுவில் ஒரு கயிறு. கயிற்றைத் தாண்டினால் கால் எட்டாது. அஞ்சலை அதுவரை அந்தக் கயிற்றைத் தாண்டியதே இல்லை.

கிளம்பினார். பிரியா கையில் நீளக் கம்போடு கரையிலேயே கூட நடந்தாள். கயிறு வந்தது. தாண்டினார். நாலு கை போட்டிருப்பார்… சட்டென்று கை நின்றுவிட்டது. கோவிந்தராசு எழுந்துவிட்டார்.

“ஏ அஞ்சல! போதும், வந்துடு! கம்பப் புடி!”

சுரேஷ் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினான். பிரியா கம்பை நீட்டினாள். அஞ்சலை அதைத் தொடவில்லை. மெல்லப் புரண்டு மல்லாக்கப் படுத்தார். கையை விரித்து, வானத்தைப் பார்த்தபடி மிதந்தார்.

“கத்தாதீங்க” என்றார் அங்கிருந்தே. “மூச்சு வாங்கிக்கினு இருக்கேன்.”

ஒரு நிமிஷம் இருக்குமா? எங்களுக்கு அது ஒரு முழு பீரியட். பிறகு திரும்பினார். கையைப் போட்டார், காலை உதைத்தார், எதிர்ச் சுவரைத் தொட்டார்.

குளமே கை தட்டியது. தவளைக் குட்டிகள் எல்லாம் “ஆயா! ஆயா!” என்று கத்தின. சுரேஷ் கை தட்டவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, “அவங்க எங்கம்மா சார்… எங்கம்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கோவிந்தராசு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். வழியிலேயே அதில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டார். அஞ்சலைக்கு ஈரத் துண்டுதான் கிடைத்தது.

எனக்கு? பள்ளியில் என் மாணவர்கள் எத்தனையோ பேர் பரிசு வாங்கிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெருமை வேறு. இவருக்கு நான் கற்றுக்கொடுத்தது எதுவுமே இல்லை. கூட நின்றேன், அவ்வளவுதான். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் வீட்டில் ஓய்வு பெற்றவர்கள் ஏதாவது ‘வெட்டிச் செலவு’ செய்தால், உடனே கணக்குக் கேட்காதீர்கள். ‘எத்தனை வருஷமா ஆசைப்பட்டீங்க?’ என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடும். சொல்லாமலும் போகலாம்… கேட்டு வைப்பதில் நமக்கென்ன நஷ்டம்?

அஞ்சலை தொட்ட அந்த முனையில் ஆழம் எட்டடி. அவருடைய உயரம் நாலடி பத்தங்குலம். இன்றைய நிலவரப்படி, மேலே இருப்பது அஞ்சலைதான்!