இரைச்சலில் பாதி கேட்ட பெயர்

பழைய வால்வு வானொலியைப் போட்டதும் முதலில் வருவது பாட்டல்ல, சூடேறும் தூசியின் வாசம். பிறகு பெட்டிக்குள்ளே மங்கலான மஞ்சள் வெளிச்சம். அதன் பிறகுதான், தூரத்திலிருந்து யாரோ நடந்து வருவதுபோல, குரல்.

யுத்தம் முடிந்து, ஆலங்குடா அகதி முகாமிலிருந்த சனம் சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்பத் தொடங்கிய காலம் அது. என் ஒரே கூட்டாளி றசீனா குடும்பத்தோடு லொறியில் ஏறியபோது, பாரமென்று அவளுடைய உம்மா அந்த வானொலிப் பெட்டியை எங்களிடம் விட்டுப்போனார். கிழமைக்கொரு குடில் வெறுமையானது. வாப்பாவும் காடு மண்டிய எங்கள் காணியைத் துப்புரவாக்க முன்னதாகவே போய்விட்டார். அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. அவர் கடைத்தெருவுக்கு வந்தால்தான் குரல் கேட்கும். உம்மாவுக்கோ திரும்ப மனமில்லை. "சின்னப் புள்ளையா ஓடி வந்த நான். கலியாணம் முடிச்சதும் உன்னப் பெத்ததும் இங்கதான். அங்க எனக்கு என்ன இருக்கு?" என்பார். விளையாட ஆளில்லாத நான், பெட்டியின் குமிழைத் திருகித் திருகி, பாஷை தெரியாத குரல்களோடு பொழுதைப் போக்கினேன்.

காற்றுக் காலத்தில் கடலுப்பு மின்கம்பிகளில் படிந்துவிட்டால், அடுப்படியிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் வானொலியில் "கரகரப்பு" தவிர வேறொன்றும் கேட்காது. ஆனாலும் உம்மா காலை மரண அறிவித்தலைத் தவறவிடமாட்டார். சிதறிப்போன எங்கள் சனத்தில் யார் "மவுத்தானார்" என்று அதுதான் சொல்லும். அன்று இரைச்சலுக்கு நடுவே, "மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஆலங்குடாவை வசிப்பிடமாகவும் கொண்ட அப்துல் காதர்..." என்று கேட்டது. மிச்சத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது.

அப்துல் காதர் என் வாப்பாவின் பெயர்.

உம்மா திரும்பத் திரும்பத் தொலைபேசியை அழுத்தினார், மணியே போகவில்லை. அறிவித்தலைப் பின்னேரமும் வாசிப்பார்கள். அதுவரை அடுப்பு மூட்டவில்லை. றசீனாவின் வெறுங்குடில் முகடுவரை செப்புக் கம்பியை ஏரியலாக இழுத்துக் கட்டி, ஒரு நுனியைப் பழைய பெட்டியில் கொழுவினேன். உம்மா குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, இரைச்சல் மெல்லப் பின்வாங்கியது.

"...அப்துல் காதர் முகம்மது சாலி காலமானார்."

எங்களில் தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். இறந்தவர் முகாமின் மறுகோடியில் கச்சான் கடலை விற்ற கிழவர், சாலி அப்பா. நான் கைதட்டிச் சிரித்துவிட்டேன்.

"இன்னாலில்லாஹி..." என்ற உம்மா என் கையைப் பிடித்தார். "சிரிக்காத மகள். அவருக்கும் புள்ளைகள் இருக்கு."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாப்பா கோல் எடுத்தா நாங்க வாறமெண்டு சொல்லு. அந்த மனிசன் இருக்கிறாரா இல்லையா எண்டு பெட்டியில கேட்டுக்கொண்டிருக்க என்னால ஏலாது" என்றார்.

அப்படித்தான் நாங்கள் மன்னாருக்குப் போனோம். இப்போது மரணச் செய்தி படத்தோடு கைபேசிக்கு வந்துவிடுகிறது; பெயர் மாறிப்போக வழியில்லை.

போன வருஷம் ஆலங்குடாவுக்குப் போனேன். முகாம் இருந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்கும் கபானா விடுதிகள். அங்கே வேலைசெய்த பொடியனிடம் விசாரித்தேன். "இங்க முகாமா?" என்று வியந்தான். உம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"நம்மட குடில் இருந்த இடம் தெரியுதா மகள்?"

"இல்ல உம்மா. ஒண்டும் தெரியல்ல."

மறுமுனையில் சத்தமில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. உம்மா இருந்தார்.