மண்டூருக்குப் போவது பயணமா?

காத்தான்குடியிலிருந்து படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு நியமனம் கிடைத்த பெண்பிள்ளைகளுக்காகவும், அவர்களை அனுப்புவதா விடுவதா என்று யோசிக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். என் மகளின் மகள் சிபானாவுக்கு இந்தத் தவணைத் தொடக்கத்தில் கணித ஆசிரியை நியமனம் வந்தது. பள்ளிக்கூடம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்கும் அப்பால். எங்கள் குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கப் போகும் முதல் பெண் அவள்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அவளுடைய வாப்பா, அதாவது என் மருமகன், புடவைக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசன், கொஞ்சம் பயந்த சுபாவம். "பயணம் போற பொம்புளைக்கு மஹ்ரம் வேணும் மாமி. நான் ஒவ்வொரு நாளும் கடையப் பூட்டிப்போட்டு வாவி கடக்கேலுமா?" என்றார். மஹ்ரம் என்றால் மணம் முடிக்கக் கூடாத உறவில் உள்ள ஆண்துணை. முதல் நாள் தானே கூட்டிப் போவதாகவும், வழி மனதுக்குப் பிடிக்காவிட்டால் பிள்ளை வேலையை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். காலையில் நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஐந்தே முக்காலுக்குப் பிரதான வீதியில் கல்முனை பஸ் எடுத்தோம். ஆரையம்பதி தாண்டும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. எங்கள் நபியின் முதல் மனைவி கதீஜா நாயகி வியாபாரம் செய்தவர்தானே என்றேன்.

"அவங்க ஆள் அனுப்பித்தான் யாவாரம் செஞ்ச மாமி."

"ஓம் மகன். அந்த ஆக்களுக்கு மொதலாளி ஆரு?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மருமகன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியபோது பள்ளிக்கூடம் எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. தூரத்தைக் காரணம் சொல்ல முடியாததால் வயதைச் சொன்னார்கள். அதைப் பஸ்ஸில் வைத்துச் சொல்லவில்லை, மனதில் வைத்துக்கொண்டேன்.

களுவாஞ்சிகுடி வரை இருபத்துநாலு கிலோமீட்டர். அங்கிருந்து குருமன்வெளித் துறைக்கு ஆட்டோ, நாங்கள் போன அன்று இருநூறு ரூபாய். வாவியைக் கடக்க அங்கே பாதை ஓடுகிறது. பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது மோட்டார் சைக்கிளும் மாடும் மனிசரும் ஒன்றாக ஏறிப்போகும் தட்டையான படகை. மருமகனுக்கு நீந்தத் தெரியாது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் அக்கரைக்குப் போவது பெரும்பாலும் புடவை விற்கத்தான். பாதைக்காரர் எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டு, "என்ன உம்மா, மண்டூருக்குப் புடவை விக்கவா?" என்று கேட்டார்.

"இண்டைக்குப் புடவை இல்ல தம்பி. டீச்சர் கொண்டு போறம்."

அவர் சிபானாவைப் பார்த்து, தன் மகன் கணக்கில் மட்டம் என்றும், அடிக்காமல் படிப்பிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அன்று அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

அக்கரையில் இன்னும் நாலு கிலோமீட்டர் ஆட்டோ. இரண்டு பக்கமும் வயல். பள்ளிக்கூடத்தில் அதிபர் அம்மா எங்களை இருத்தி, தேநீர் தந்து, சிபானாவை நேரே ஏழாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருமகன் கதவு, கக்கூஸ், கிணறு எல்லாம் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் முகம் இளகவில்லை.

நண்பகல் தொழுகையான லுஹரின் நேரமானதும் அதிபர் அம்மா நூலக அறையைத் திறந்துவிட்டார். மருமகன் முன்னால் நின்று தொழுவிக்க, நான் பின்னால் நின்று தொழுதேன். தூரப் பயணத்தில் இருப்பவர் நாலு ரக்அத்தை, அதாவது நாலு சுற்றுத் தொழுகையை, இரண்டாகச் சுருக்கித் தொழலாம். அதைக் கஸர் என்போம். இரண்டாம் ரக்அத்தில் அவர் இருப்பில் இருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இப்போது ஸலாம் கொடுத்து முடிப்பாரா, எழும்புவாரா? தொழுகையில் இப்படி நினைக்கக் கூடாதுதான். அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர் எழும்பினார். நாலும் தொழுதார்.

கடைசியில் கேட்கும் துஆ என்னும் வேண்டுதல் முடியும்வரை பொறுத்திருந்தேன். "ஏன் மகன், கஸர் செய்யல்லியா?"

"இந்தத் தூரத்துக்கு ஆரு மாமி கஸர் செய்வாங்க? பயணம் எண்டாத்தானே சுருக்கலாம்."

"அப்ப இது பயணம் இல்ல."

அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பக்கத்து வகுப்பிலிருந்து சிபானாவின் குரல் கேட்டது, பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

ஒன்றரைக்குப் பள்ளி விட்டது. திரும்பும்போது பாதை நடுவாவியில் போய்க்கொண்டிருக்க, மருமகன் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் பாதைக்காரரின் தோளைத் தொட்டு, காலையில் முதல் பாதை எத்தனை மணிக்கு என்று கேட்டார். சிபானா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இனிப் போகிறவர்களுக்குச் சில சொல். முதல் பாதை ஆறு மணிக்கு. அதைப் பிடிப்பதென்றால் ஐந்து மணி பஸ்ஸில் ஏறுங்கள், ஏழு மணிப் பாதையும் தோதுதான். மாரி காலத்தில் காற்று அடித்தால் பாதை நிற்கும், துறையில் விசாரித்துவிட்டுப் போங்கள். மஹ்ரம் விசயத்தில் ஆலிம்கள் பலவாறு சொல்வார்கள், உங்களுக்கு நம்பிக்கையானவரிடம் நீங்களே கேளுங்கள், உங்களுக்காக வேறொருவர் கேட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். சம்பளம் பிள்ளையுடையது. அவளுக்குச் சோறும் உடுப்பும் பார்ப்பது இன்றைக்கு வாப்பாவின் கடமை, நாளைக்கு மாப்பிள்ளையின் கடமை. மார்க்கம் தந்த இந்த உரிமையை வீட்டார் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

லுஹருக்கு நூலக அறை இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. நாலு ரக்அத்தும் முழுதாகத் தொழுங்கள். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்விடவில்லை.