ஊதிக் காட்டு

என் வீட்டுக்காரருக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்று காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சொன்ன வாரமே, அவரை எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்ட வைத்தேன். கயிறு கையில் இருக்கும்வரை குடிக்கக் கூடாது. குடித்தால் சாமிக் குத்தம்.

சில மாதம் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு காலையில் எழுந்ததும் தள்ளாட ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், வாந்தி எடுப்பார், பேச்சு குழறும். இருபது வருஷம் இதே தள்ளாட்டத்தைப் பார்த்தவள் நான், எனக்கா தெரியாது? தினமும் விடிந்ததும் அவர் முன்னால் போய் நின்று ஊதச் சொல்வேன். ஊதுவார். வாடை வராது. வாடையே வராத எதையோ குடிக்கிறான் மனுஷன் என்று இன்னும் ஆத்திரம் பொங்கும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

ஒருநாள் குழாயடியில் விழுந்தார். நான் தூக்கிவிடவில்லை.

"கட்டின கயித்துக்கே துரோகம் பண்றியே, நீயெல்லாம் மனுசனா?"

கிடந்தபடியே சொன்னார்: "சாமி சத்தியமா குடிக்கலடி. எனக்கு இன்னா ஆவுதுன்னே தெரில."

பாவி, நான் நம்பவில்லை. உத்திரமேரூரில் இரண்டு தடவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு தடவையும் இவர் வாயைத் திறப்பதற்குள், குடித்திருக்கிறார் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது தடவை நினைவே இல்லை. காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிரஷர் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார். ஈரல் கெட்டவர்களுக்கு இந்த ஒரு ரத்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது என்று ஊசி போட்டு, அரைமணி கழித்தும் ஒருமணி கழித்தும் மறுபடி எடுத்தார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன் அங்கேதான் சுரக்குமாம்.

"இது குடியால வர்ற தள்ளாட்டம் இல்லம்மா. முன்னாடியே கூட்டினு வந்திருக்கலாமே."

பிழைப்பாரா என்று கேட்டேன். ஈரல் தாங்க வேண்டும் என்றார்.

மறுநாள் விடிந்ததும் மாத்திரையும் தண்ணீருமாகக் கட்டிலுக்கு அருகே போய் நின்றேன். கண் திறந்தார். என்னைப் பார்த்ததும், கயிறு கட்டிய கையை ஊன்றி மெல்ல எழுந்து, என் முகத்தில் ஊதினார்.