அப்பா மறுத்த சந்திப்பு

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி நிலைமையைப் பார்க்க யாழ்ப்பாணம் வந்தார். அப்பா அவரைச் சந்திக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா எங்கள் ஊரான இணுவிலில் தமிழ்க் கட்சிக்காரர். கிராமசபை இருந்த காலத்தில் அதன் தலைவராக இருந்ததால் ஊருக்கு அவர் எப்போதும் ‘சேர்மன்’தான்.

தெற்கிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களைப் பற்றி அப்பா நல்ல ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். எழும்பும் வேளையில் குரல் இறங்கிவிட்டது. தன் மகனுக்கு, அதாவது என் தம்பிக்கு, அந்த நாட்டுக்கு விசா எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். இராணுவச் சுற்றிவளைப்புகளில் தம்பியின் வயதுப் பிள்ளைகளைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். கொழும்புக்கு வந்து வழமைபோல விண்ணப்பிக்கும்படி அதிகாரி மரியாதையாகச் சொன்னார்.

சில கிழமைகளில் பொலிசார் விசாரிக்க வந்தார்கள். இன்ஸ்பெக்டர் தமிழர். அந்த நேரம் பார்த்துக் கட்சிக்காரர் நாலைந்து பேர் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்தார்கள்.

“சேர்மன், அந்த வெள்ளைக்காரரைச் சந்திச்சனீங்களோ?”

“இல்லை. அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாது.”

தேத்தண்ணீர் கொண்டு வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. “உங்களைக் கண்ட ஆக்கள் இருக்கினம். சந்திச்சது குற்றமில்லை. என்ன கதைச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ, நாங்கள் போயிடுவம்.”

அப்பா ஒருமுறை விறாந்தையில் இருந்தவர்களைப் பார்த்தார். “அவை வேறை ஆரையோ கண்டிருப்பினம்” என்றார்.

அப்பாவைக் கொண்டு போய்விட்டார்கள். ஆயுத உதவி கேட்டார் என்பது அவர்களின் சந்தேகம். ஒன்றுமில்லாவிட்டால் இந்த மனிதர் ஏன் மறைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. உண்மையைப் போய்ச் சொல்லிவிடுவோமா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். “அந்தாள் வேண்டாமெண்டதை நாங்கள் சொல்லேலாது” என்று அம்மா மறித்துவிட்டார்.

மழைக்காலம் முடியும்போது அப்பாவை விட்டார்கள். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். சந்தியில் மாலை போட்டார்கள், வெடி கொளுத்தினார்கள். சேர்மன் நமக்காக ஒரு வெளிநாட்டோடு பேசியிருக்கிறார், அடித்தும் சொல்லவில்லை என்ற கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அடுத்த நாள் கிணற்றடியில் கேட்டேன். “ஒரு விசாதானே அப்பா கேட்டனீங்கள். சொல்லியிருந்தால் அண்டைக்கே விட்டிருப்பாங்கள்.”

“இன்ஸ்பெக்டருக்குச் சொல்லலாம் பிள்ளை. விறாந்தையிலை இருந்தவைக்கு எப்பிடிச் சொல்லுறது? ஒருதரும் மண்ணை விட்டுப் போகக்கூடாது எண்டு மேடையிலை சொன்னவன் நான். அதைக் கேட்டுத் தங்கடை பிள்ளையளை மறிச்சு வைச்சவை அவை.”

“பிறகு தனியக் கேட்டிருப்பாங்கள்தானே?”

“முதல் இல்லை எண்டாச்சு. பிறகு ஓம் எண்டால், இன்னும் என்னத்தை மறைக்கிறாய் எண்டு கேப்பாங்கள். ஆயுதம் கேட்டவன் எண்டு நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. தம்பி அடுத்த ஆண்டே ஒரு முகவர் மூலம் ஜெர்மனிக்குப் போனான். வெளிநாட்டாரைச் சந்திக்கவே இல்லை என்று யாராவது அரசியல்வாதி மறுத்ததாகப் பத்திரிகையில் வரும்போதெல்லாம், பெரிய சதி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு மட்டும், அந்த நேரம் அவருடைய விறாந்தையில் யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர எங்கள் பகுதியான வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கிழக்கே தென்மராட்சியில் எங்களுக்கு இடம் தந்தவர், அன்றைக்கு விறாந்தையில் இருந்தவர்களில் ஒருவர். “நாட்டுக்காக மறியலுக்குப் போய் அடைபட்டுக் கிடந்த மனுசன்” என்று தன் மருமகனுக்கு அப்பாவை அறிமுகப்படுத்தினார். அப்பா பாயில் இருந்தபடியே சொன்னார்.

“நாட்டுக்காகப் போகேல்லை. அண்டைக்கு என்ரை மகனுக்கு விசா கேக்கப் போனனான். உங்களுக்கு முன்னாலை அதைச் சொல்ல வெக்கமாயிருந்தது.”

“என்ரை பிள்ளையள் ரெண்டு பேர் இப்ப கனடாவிலை” என்றார் வீட்டுக்காரர். “நீங்கள் அப்பவே சொல்லியிருந்தால், மூத்தவனையும் அனுப்பியிருப்பன், சேர்மன்.”

அவரின் மூத்தவன் ஷெல் விழுந்து செத்தது எங்களுக்குத் தெரியும். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். இனி இந்த வீட்டில் இருக்க முடியாது என்று அம்மா பைகளைத் திரும்பவும் கட்டத் தொடங்கினார். வீட்டுக்காரர் ஒரு தலையணையோடு திரும்பி வந்து, அதை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, “படுங்கோ, நடந்து வந்த களைப்பு” என்றார். ஊருக்குத் திரும்பும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம்.