முங்குறவனுக்கு மீட்டர் எதுக்கு?

கிணத்துக்குள்ள விழுந்த மோட்டாரை முங்கி எடுக்கிறதுதான் என் தொழில்; மேலே நிக்கிற எல்லாருக்கும் அதைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரியும்.

பத்தாம் வகுப்புல கணக்கும் நானும் பிரிஞ்ச பிறகு, சின்னமனூர்ல பஞ்சர் கடை வச்சிருக்கிற செல்லையா அண்ணன்கிட்ட சேர்ந்தேன். டயருக்குக் காத்தடிக்கிற அதே கம்ப்ரஸரை வேன்ல ஏத்தி, தோட்டம் தோட்டமாப் போவோம். கம்ப்ரஸர்ல இருந்து ஒரு நீள ஓஸ். அதோட நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நான் உள்ளே போவேன். உங்க மூச்சும் அடுத்தவர் கையில இருக்குன்னா, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கோழி

ஜெயமங்கலத்துல ஒரு கிணறு. ரொம்ப நாளா எறைக்காம கிடந்து, இலை தழை எல்லாம் அழுகிப்போயிருந்தது. அந்த மாதிரிக் கிணத்துல விஷவாயு இருக்கான்னு பார்க்க, ஆள் இறங்குறதுக்கு முன்னாடி கோழியைக் கூடையில வச்சு உள்ளே விட்டுப் பார்ப்போம். கோழி தலையைத் தொங்கப்போட்டா அன்னைக்கு வேலை இல்லை. எங்ககிட்ட இருந்த ஒரே பரிசோதனை அதுதான்.

தோட்டக்கார அக்காகிட்ட அண்ணன் ஒரு கோழி கேட்டார். அந்த அக்கா கோழியையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. நிதானமா யோசிச்சுத்தான் சொன்னாங்க:

"அது அடைக்கு உக்காரப்போற கோழிய்யா. மொதல்ல தம்பிய எறக்கிப் பாருங்க."

டயர் காத்து

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிணத்துல பாதி ஆழம் போனதும் மண்டைக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி இருந்தது. இடுப்புல கட்டியிருந்த கயித்தை ஆட்டி மேலே வந்து வரப்புல விழுந்து வாந்தி எடுத்தேன். கம்ப்ரஸரை ஓட்டுற டீசல் எஞ்சின்ல புகைக்குழாய் உடைஞ்சு ஒரு மாசமாச்சு. அந்தப் புகையைத்தான் கம்ப்ரஸர் உறிஞ்சி எனக்கு அனுப்புதுன்னு நான் சொன்னேன். அன்னைக்கு மட்டும் இல்லை, அதுக்குப் பிறகு போன ஒவ்வொரு தோட்டத்துலயும் சொன்னேன்.

அண்ணன் ஓஸ் நுனியை மூக்குல வச்சு மோந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லைன்னு தீர்ப்புச் சொல்லிட்டார். நான் விடாம முனகவும் அவருக்குக் கோபம் வந்துருச்சு.

"ஏலே, இதே காத்தத்தான் இருபது வருசமா பஸ்சுக்கு அடிக்கிறேன். ஒரு பஸ்சாவது மூச்சு முட்டிச் செத்திருக்கா?"

கடல்ல முங்குறவர்

கொச்சிப் பக்கம் கடல்ல ரொம்ப ஆழம் முங்குற ஒருத்தர், கம்பத்துல மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். மலையாளி. பஞ்சர் ஒட்ட கடைக்கு வந்த அவரோட வேன்ல, பின் சீட்டுல சிலிண்டரா அடுக்கியிருந்தது. அம்புட்டு ஆழத்துல சும்மாக் காத்தை இழுத்தா சாராயம் குடிச்ச மாதிரி கிறுகிறுத்துருமாம். அதனால ஹீலியம் கலப்பாங்களாம். பலூன்ல அடைக்கிற காத்தான்னு அண்ணன் கேட்டார். அதேதான்னார். எவ்வளவு ஹீலியம் இருக்குன்னு காட்ட ஒரு மீட்டர் வச்சிருந்தார். சொந்த மீட்டர். ஒவ்வொரு சிலிண்டரையும் அவரே அளந்து, ஒரு டேப்பு ஒட்டி, அளவை எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த டேப்பை வேற ஆள் தொடக்கூடாதாம்.

நிரப்பிக் கொடுக்கிற கடையிலேயே மீட்டர் இருக்கும், அளந்துதானே குடுப்பாக, அப்புறம் உங்களுக்கு எதுக்குத் தனியா ஒண்ணுன்னு அண்ணன் மடக்கினார். அவர் மடங்கலை.

"நெறைக்கிற ஆளு கரையில சாயா குடிக்கும். கீழே போறது ஞானாக்கும்."

சாமி மாடம்

என் வாந்திக் கதையைக் கேட்டு அந்தக் கடல்காரரே இரக்கப்பட்டு, காத்துல புகையோட விஷவாயு இருந்தாக் கத்துற பழைய மீட்டர் ஒண்ணைக் கடையில விட்டுட்டுப் போனார். ஹீலியம் உங்களுக்கு வேண்டாம், இது போதும்னார். நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் பார்த்தா மீட்டருக்குச் சந்தனம், குங்குமம் வச்சு, பிளாஸ்டிக் கவர் போட்டு, கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சிருந்தார் அண்ணன். வெள்ளிக்கிழமை பத்தி காட்டினார். வேலைக்கு மட்டும் எடுத்துட்டு வரலை.

ஏன்னு கேட்டேன். கிணத்துல விழுந்ததை எடுக்கிறதையே தொழிலா வச்சிருக்கிற மனுசன் சொன்ன பதில் இது:

"உள்ள விழுந்துட்டா யாருலே எடுக்கிறது?"

அனுமந்தன்பட்டி

அனுமந்தன்பட்டித் தென்னந்தோப்புல ஆழக் கிணறு. ஒரு பாயோட தோப்பு, மோட்டார் விழுந்து மரமெல்லாம் காய ஆரம்பிச்சிருந்தது. அன்னைக்கு நான் மீட்டரைச் சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போயிட்டேன். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் ஓஸ் நுனியில பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல வீல்னு கத்துச்சு. தோப்புல இருந்த காக்கா எல்லாம் பறந்துருச்சு.

கடல் காத்து இல்லாம மிஷின் கெட்டுப்போச்சுன்னார் அண்ணன். சரி, அப்ப நீங்களே ஒரு முங்கு முங்கிட்டு வாங்கண்ணேன்னு ஓஸை நீட்டினேன். தனக்கு ரத்தப் பிரஷர் இருக்கிறது அவருக்குத் திடீர்னு ஞாபகம் வந்துருச்சு. ஒரு மாசமா இதைத்தானே சொல்றேன்னுட்டு நான் கிணத்துக் கல்லுல உக்காந்துட்டேன், எந்திரிக்கலை. பாய் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாக. கடைசியில அண்ணனே புகைக்குழாய்ல ஒரு தகரக் குழாயைச் சொருகி, புகை காத்தோட அந்தப் பக்கம் போற மாதிரி எஞ்சினைத் தள்ளி வச்சார். ஓஸ்ல இருந்த பழைய காத்து எல்லாம் வெளியேறட்டும்னு காத்திருந்து, மறுபடி மீட்டரைப் பிடிச்சேன். சத்தமே இல்லை. ஓஸ்ல ஒரு டேப்பு ஒட்டி, 'பார்த்தாச்சு'ன்னு எழுதி, என் கையெழுத்தைப் போட்டுட்டு இறங்கினேன். தலைவலி இல்லாம மோட்டாரோட வந்தேன்.

நான் துண்டால தலையைத் துவட்டிக்கிட்டு இருக்கும்போது பாய் அண்ணன்கிட்ட மெதுவாக் கேட்டாக:

"பெட்டி ஒரு தடவ கத்துனதுக்கு எஞ்சினத் தள்ளி வச்சீக. இந்தப் பய ஒரு மாசமாக் கத்துறானாமே, அது கேக்கலையா?"

அதனால முங்குறவனுக்குச் சொந்த மீட்டர் வேணுமான்னு கேட்டா, காத்தை அளக்க வேணுமோ வேண்டாமோ, அவன் பேச்சை எவனும் கேக்காத ஊர்ல அவனுக்குப் பதிலாக் கத்தவாவது ஒண்ணு வேணும்.