ஓடைக்கு ஐஸ் போட்டவர்

முழு ஐஸ் கட்டி ஒன்று ஓடையில் மிதந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தென்காசி மீன் கடைக்குப் போக வேண்டிய கட்டி. சாக்கு சுற்றி இரண்டு பேர் தூக்கி வந்து தண்ணீரில் இறக்கினார்கள். கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரிப் பெருமையாக நின்றார் எங்கள் முதலாளி அண்ணாச்சி. அவருடைய குற்றாலம் விடுதிக்கு நான் மேலாளர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த விடுதியின் பிழைப்பே அந்த ஓடைதான். மலையிலிருந்து இறங்கி, மேலே இருக்கிற தோப்பைக் கடந்து எங்கள் காம்பவுண்டுக்குள் வரும். சித்திரை வெயிலிலும் கால் வைத்தால் உச்சந்தலை வரை சிலிர்க்கும். இரு கரையிலும் மருதமரங்கள் நின்றதால் வெயில் தண்ணீரைத் தொடாது. ஓடையும் குறுகலாக, ஆழமாகப் பாறைச் சந்துகளில் ஓடியது. இதையெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"ஏலே, துட்டு குடுத்து வாறவன் மலையப் பாக்க வேண்டாமா? மரம்லா மறைக்குது" என்று மரங்களை வெட்டினார். பிள்ளைகள் விளையாட வசதி என்று ஓடையை அகலப்படுத்தி, மண் கொட்டி ஆழத்தைக் குறைத்து, சிமெண்டும் பூசினார். அடுத்த கோடையில் சென்னையிலிருந்து வந்த ஒரு சிறுமி காலை நனைத்துவிட்டு, "அங்கிள், ஹீட்டர் போட்டிருக்கீங்களா?" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஆட்கள் வருவது குறைந்தது. அண்ணாச்சியோ, "வரவர மலையே சூடாயிட்டுலே" என்று வெயிலைத் திட்டினார். வெயில் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் தோப்புக்குள் அதே தண்ணீர் அப்போதும் குளிர்ந்தே ஓடியது. அவரைக் கையோடு கூட்டிப்போய் அங்கே ஒரு தடவை, நம் சிமெண்டில் ஒரு தடவை கால் வைக்கச் சொன்னேன். வைத்தார். வெகுநேரம் யோசித்தார். மறுநாள் ஐஸ் வண்டி வந்தது.

அந்தக் கட்டி சிமெண்டின் கடைசி வரைகூடப் போய்ச் சேரவில்லை. அந்த வருஷமே விடுதியை விற்றுவிட்டார். எனக்கும் வேலை போயிற்று.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். மேலே தோப்பு ஓடையில், மருதமர நிழலில், கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தார் அண்ணாச்சி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே, இங்கன வா. ஒரு கட்டி ஐஸ் போடல, எப்பிடிக் குளுருது பாத்தியா! இந்தத் தோப்பு வெலைக்கு வருதாம். வாங்கிப் போட்டு மறுபடியும் விடுதி கட்டலாம்னு பாக்கேன்." பிறகு அண்ணாந்து பார்த்தார். "மரந்தான் மறைக்குது."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். குளிர்ச்சி இருக்கும்போதே ஒரு முங்கு போட்டுவிடுவோம் என்றுதான்.